பதினோராவது கூண்டு

ஐப்பசி பிறந்து வங்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் பத்திரிகைகளில் ஒரு சிறு செய்தி தவறாமல் வெளியாகும். "நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்பதே அது. நாம் அதைப் படித்துவிட்டு, காப்பியை ஆற்றிக் குடித்தபடியே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கூண்டு கப்பற்காரருக்கும் மீனவருக்கும் உரியது, வீட்டுக்குள் இருக்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

அந்தக் கூண்டுகளின் பாஷையைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். துறைமுகத்தில் உயர்ந்த கம்பத்தின் மீது பகலில் கூம்பும் உருளையுமான அடையாளங்களை ஏற்றுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளை ஏற்றுவார்கள். முதல் இரண்டு எண்களும் தொலைதூரக் கடலில் காற்று சுழல்கிறது என்று, துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பல்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை. மூன்றும் நான்கும் அந்தத் துறைமுகத்துக்கே கெட்ட வானிலை வரக்கூடும் என்பதைத் தெரிவிப்பவை. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய எண்கள் அபாயத்தையும், எட்டு, ஒன்பது, பத்து ஆகிய எண்கள் பேரபாயத்தையும் குறிக்கும். புயல் துறைமுகத்துக்கு இடப்புறமாகக் கரை கடக்குமா, வலப்புறமாகவா, நேராகத் தலைமீதே வருமா என்பதைக் கூட அந்த எண்களின் வேற்றுமையால் அறியலாம்.

பத்துக்கு மேல் என்ன இருக்க முடியும்? பேரபாயத்துக்கும் மேலான அபாயம் ஒன்று உண்டா? உண்டு. அதற்கென்று ஒரு பதினோராவது கூண்டு இருக்கிறது. அதன் பொருள், காற்று இன்னும் பலமாக வீசும் என்பதன்று. புயல் எச்சரிக்கை நிலையத்துடன் இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று என்பதே அதன் பொருள். இனிமேல் சேதி வராது, கேட்டாலும் சொல்வதற்கு ஆள் இல்லை, இதுவரை அறிந்ததைக் கொண்டு அவரவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அந்தக் கூண்டு மௌனமாகச் சொல்கிறது.

துறைமுக விதிகளை வகுத்தவர்கள் அனுபவசாலிகள். சேதி நின்றுபோவதையே பட்டியலின் கடைசி எண்ணாக வைத்தார்கள். கரையோர ஜில்லாக்களில் புயல் வீசும் இரவில் ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பதினோராவது கூண்டு தானாகவே ஏறிவிடுகிறது. விளக்கு அணைகிறது, சிறிது நேரத்தில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஊமையாகின்றன, விடிந்து பார்த்தால் குழாயிலும் தண்ணீர் இல்லை. அந்த வேளைக்கு நம் வீடும் நம் தெருவும் ஆயத்தமாக இருக்கின்றனவா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய வேண்டிய விஷயம்.

கடலுக்கு உரிய பருவம்

நம் கரையைத் தாக்கும் பெரும் புயல்களில் அநேகம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே வருகின்றன. வெயில் தணிந்து நமக்குக் குளிர் தொடங்கிவிட்ட போதிலும் வங்கக் கடலின் நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெப்பத்தால் எழும் நீராவியே புயலுக்கு ஆகாரம். பூமியின் சுழற்சி அந்தக் காற்றை இடஞ்சுழியாகச் சுழற்றி விடுகிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டி பிரயாணிகளோடு அலையில் மறைந்தது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூரையும் புதுச்சேரியையும் சூறையாடிற்று. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி 'வர்தா' சென்னை நகரின் நிழல்மரங்களை வேரோடு சாய்த்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் 'கஜா' நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிற்று. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் 'மிக்ஜாம்' சென்னையை நீரில் மிதக்கவிட்டு, ஆந்திர தேசத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது.

முன்னாட்களில் இப்படிப்பட்ட புயல்கள் சொல்லாமல் வரும். கல்கத்தாவை 1864-ஆம் ஆண்டில் ஒரு பெரும்புயல் பாழாக்கிய பின்னரே அந்தத் துறைமுகத்துக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடு 1865-இல் உண்டாயிற்று. தேசம் முழுமைக்குமான வானிலை இலாகா 1875-இல் நிறுவப்பட்டது. இன்றோ ஆகாயத்தில் செயற்கைக்கோள்கள் கண்ணிமைக்காமல் காவல் புரிகின்றன. சென்னையிலும் காரைக்காலிலும் ராடார்கள் சுழல்கின்றன. புயல் உருவாகக்கூடும் என்ற முதல் அறிவிப்பு சுமார் மூன்று நாட்களுக்கு முன்பே வருகிறது. கரையோரம் கெட்ட வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பு உஷார் நிலையும், 24 மணி நேரத்துக்கு முன்பு எச்சரிக்கையும், கரை கடப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பு, கடந்த பின் உள்நாட்டில் என்ன நிகழும் என்ற குறிப்பும் வெளியிடப்படுகின்றன.

இதன் பலனை அளவிட ஒரிஸ்ஸாவைப் பார்த்தால் போதும். 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே வீசிய மாபெரும் புயலில் ஏறக்குறைய பதினாயிரம் பேர் மாண்டார்கள். அதே கரையை 2013-இல் 'பைலின்' புயல் தாக்கியபோது லட்சக்கணக்கான மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டபடியால் உயிர்ச்சேதம் மிகச் சொற்பமாயிற்று. நம் தேசத்து விஞ்ஞானிகளும் சர்க்கார் சிப்பந்திகளும் தொண்டர்களும் கூடிச் சாதித்த இந்தக் காரியம், பாரத மக்கள் யாவரும் பெருமை கொள்ளத்தக்கது.

காற்று ஓர் இரவு. இருள் பல வாரம்

ஆனால் காற்றின் கையிலிருந்து ஜனங்களைத் தப்புவித்த பிறகு நடப்பது என்ன? கஜா புயலையே எடுத்துக்கொள்வோம். புயல் கரையேறுமுன் எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் சேர்க்கப்பட்டார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று, சில மணி நேரத்தில் உள்நாட்டை நோக்கிப் போய்விட்டது. பொழுது விடிந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. அவற்றோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் ஒடிந்து விழுந்திருந்தன. நகரங்களுக்குச் சில நாட்களில் மின்சாரம் திரும்பியது. உட்கிராமங்கள் பல, வாரக் கணக்கில் இருட்டிலேயே கிடந்தன.

வெளிச்சம் இல்லை என்பது மட்டுமா குறை? பழைய நாளில் இருட்டு என்றால் இருட்டுத்தான். அகல் விளக்கையோ அரிக்கேன் லாந்தரையோ ஏற்றினால் அது தீர்ந்தது. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தில் மின்சாரம் என்பது விளக்குக்கும் ஆலைக்கும் உரிய சாதனமாகவே இருந்தது. இன்று அது நம் குடத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் இறைத்துத் தந்தாலன்றி ஊர்த் தொட்டியில் தண்ணீர் ஏறாது. தொட்டியில் ஏறினாலன்றிக் குழாயில் வராது. ஆகவே மின்கம்பம் சாய்ந்த மறுநாளே ஊருக்கெல்லாம் தாகம் வந்துவிடுகிறது. வானத்திலிருந்து கொட்டிய மழைநீர் முற்றத்தில் முழங்கால் அளவு நிற்க, குடிக்க ஒரு செம்பு நீரின்றித் தவிக்கும் விபரீதம் இப்படித்தான் நேர்கிறது. கஜாவுக்குப் பின் டெல்டா கிராமங்களில் ஜெனரேட்டர்களை வாடகைக்குக் கொண்டுவந்து, ஊர் ஊராகத் தொட்டிகளை நிரப்ப வேண்டியதாயிற்று. அதே ஜெனரேட்டர்களில் கைப்பேசிகளுக்கு மின்னூட்டம் ஏற்றிக்கொள்ளவும் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய கஷ்டம் என்று எண்ண வேண்டாம். செல்வத்தில் திளைக்கும் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தை 2021 பிப்ரவரியில் கடும் பனிப்புயல் ஒன்று தாக்கிற்று. கடுங்குளிரில் மின்நிலையங்கள் செயலற்றுப் போயின. ஏறக்குறைய 45 லட்சம் வீடுகளில் மின்சாரம் நின்றது. குழாய்களில் நீர் உறைந்தது. அந்த மாகாணத்து அதிகாரிகளின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குளிர் தாங்காமல் உயிர் நீத்தவர்கள். நமக்குத் தாகமாக வருவது அவர்களுக்குக் குளிராக வந்தது. இரண்டிலும் அபாயத்தின் வேர் ஒன்றே. வாழ்க்கைக்கு அத்தியாவசியமான ஒரு பொருளை ஒரே கம்பியில் தொங்கவிட்டு, அந்தக் கம்பி அறுந்தால் என்ன செய்வது என்று யோசியாமல் இருந்துவிட்டார்கள்.

ஆதலால் புயலுக்கு ஆயத்தம் செய்வது என்றால், அந்த ஓர் இரவுக்குக் கதவைத் தாழிட்டுக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடாது. அதன் பின்னே வரும் பத்து நாட்களுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

முதலாவது தண்ணீர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர் வேண்டும். குடம், அண்டா, தவலை, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி யாவற்றையும் கழுவி நிரப்பி மூடி வைக்க வேண்டும். மாடியிலுள்ள தொட்டியைப் புயலுக்கு முதல்நாளே விளிம்பு வரை நிரப்பிவிடுவது இரட்டை லாபம். நிறைந்த தொட்டி தன் கனத்தாலேயே காற்றுக்கு அசையாது நிற்கும். வெறுந்தொட்டியோ பறந்துபோய் அயலார் தலையில் விழும். ஆயிரம் லிட்டர்த் தொட்டியொன்றைக் குளிக்கவும் துவைக்கவும் தாராளமாகச் செலவிட்டால் இரண்டே நாளில் வற்றிவிடும். ஆளுக்கு நாற்பது லிட்டர் என்று அளந்து செலவிடும் ஐவருக்கு அது ஐந்து நாள் வரும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரையும் கலங்கிய குழாய் நீரையும் வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்த பின்னரே பருக வேண்டும்.

இரண்டாவது உணவு. நம் பாட்டிமார் சித்திரை வெயிலில் வற்றலும் வடாமும் பிழிந்து உலர்த்தியது வேடிக்கைக்காகவா? மழை மாதங்களில் காய்கறி கிடைக்காது என்று அறிந்தே அதைச் செய்தார்கள். இன்று நாம் இட்லி மாவை மின்சாரத்தால் அரைத்து, மின்சாரத்தால் குளிரவைத்து, அதுவே உணவுச் சேமிப்பு என்று எண்ணியிருக்கிறோம். ஆட்டுக்கல்லோ கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லாகிவிட்டது! அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, பருப்புப் பொடி, ஊறுகாய் ஆகியவை அடுப்பு மூட்டாமலே பசி ஆற்றும். குழந்தை இருக்கும் வீட்டில் பால்பொடி அவசியம். மின்சாரம் நின்ற பின் குளிர்பெட்டியைத் திறவாமல் வைத்திருந்தால் சுமார் நான்கு மணி நேரம் அதனுள் இருக்கும் பண்டங்கள் கெடாமல் இருக்கும். ஆகையால் அடிக்கடி திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, கெடக்கூடியவற்றை முதலில் உண்டு தீர்த்துவிட வேண்டும்.

மூன்றாவது மருந்து. இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா முதலியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் இல்லாத வீடு இன்று அரிது. ஐப்பசி பிறக்குமுன்பே இரண்டு வாரத்துக்கு உரிய மருந்தைக் கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர், குளிர்பெட்டி இயங்காவிட்டால் அதை எப்படிப் பாதுகாப்பது, எத்தனை நாள் வரை உபயோகிக்கலாம் என்று தம் வைத்தியரிடம் இப்பொழுதே கேட்டு எழுதி வைப்பது நல்லது. மண்சட்டியொன்றினுள் ஈர மணலைப் பரப்பி, அதன் நடுவே சிறு சட்டியில் மருந்தை வைத்து மூடும் பழைய யுக்தி இந்நாளிலும் கைகொடுக்கிறது. மின்சாரத்தால் இயங்கும் பிராணவாயுக் கருவியை நம்பி மூச்சு விடும் நோயாளிகளையும், பிரசவ நாள் நெருங்கிய பெண்களையும் புயலுக்கு முன்பே மருத்துவமனை உள்ள ஊருக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும். மரங்கள் சாலையை அடைத்த பிறகு 108 வண்டியும் வர இயலாது.

நான்காவது வெளிச்சமும் சேதியும். கைவிளக்கு, அதற்குரிய மின்கலங்கள், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப்பெட்டி ஒன்று ஆகியவை வேண்டும். செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்துபோனாலும் வானொலி பேசும். மெழுகுவர்த்தி ஏற்றினால் நீர் ஊற்றிய தட்டின் நடுவே நிறுத்துக. திரைச்சீலை அருகிலும் குழந்தை கை எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம். கைப்பேசிகளையும் பவர் பேங்க்குகளையும் முதல்நாளே நிரப்பி வைத்துக்கொண்டு, அத்தியாவசியமான குறுஞ்செய்திக்கு மட்டும் உபயோகிப்பது விவேகம். முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுக: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. கைப்பேசி அணைந்தபின் அதனுள்ளே இருக்கும் எண்களால் ஏது பிரயோஜனம்? அவ்வாறே, கடையில் காசு கொடுப்பதற்கும் கைப்பேசியையே நம்பாமல், சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்க வேண்டும். பட்டா, பத்திரம், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு, உயரமான இடத்தில் வைப்பது நலம்.

வீட்டுக்கு வெளியே, கூரைத் தகடுகளை இறுகக் கட்டுவதும், மாடியில் உள்ள பூந்தொட்டிகளையும் தகர டப்பாக்களையும் உள்ளே எடுத்துவைப்பதும், கம்பியின்மேல் சாயக்கூடிய மரக்கிளைகளைப் பருவத்துக்கு முன்பே மின்வாரியத்தாரிடம் சொல்லிக் கழிப்பதும் இன்றியமையாதவை. காற்றின் வேகம் இருமடங்கானால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகிறது என்பது பௌதிக சாஸ்திரத்தின் பாடம். நேற்று வரை அசையாத தகரம் இன்றிரவு கத்தியாகிவிடும்.

அந்த இரவும் மறுநாளும்

காற்று வீசும்போது உறுதியான கட்டடத்தின் உள்ளறையில், ஜன்னலுக்கு அப்பால் இருப்பதே க்ஷேமம். கூரை வீடும் ஓட்டு வீடும் உடையோர் தயங்காமல் முகாமுக்குச் சென்றுவிட வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் ஏமாந்துவிடக் கூடாது. பெருங்காற்று திடீரென்று ஓய்ந்து, மழையும் நின்று, அமைதி உண்டானால், புயல் போய்விட்டது என்று வெளியே ஓடாதீர்கள். புயலின் நடுவிலுள்ள கண் நம்மைக் கடந்துகொண்டிருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே மூர்க்கத்துடன் காற்று மீண்டும் வரும்.

விடிந்த பிறகுதான் மின்சாரத்தின் இரண்டாவது அபாயம் ஆரம்பமாகிறது. இல்லாதபோது தொல்லை கொடுத்த அது, எதிர்பாராத இடத்தில் இருந்து உயிரையே வாங்கும். அறுந்து கிடக்கும் கம்பி எதுவாயினும் அதில் உயிர் ஓடுகிறது என்றே கருத வேண்டும். அதை மிதிக்கவும் கூடாது. கம்பால் தள்ளவும் கூடாது. அது கிடக்கும் தண்ணீரில் காலை வைக்கவும் கூடாது. மாடுகளை அவிழ்த்துவிடுமுன் கொல்லையையும் வயலையும் நோட்டம் விடுக. மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-க்குத் தகவல் கொடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒருவர் காவல் நிற்பது சிறந்த ஜனசேவை. வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் வாரியத்தாரே மின்சாரத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் அவ்வாறு செய்தார்கள். நம்மைக் காக்கச் செய்வதை அலட்சியம் என்று வைவது நியாயமாகாது.

ஜெனரேட்டர் வைத்திருப்போர்க்கு இரண்டு வார்த்தை. அதன் புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் உறங்குபவன் உறக்கத்திலேயே மாண்டுபோவான். டெக்ஸாஸிலும் குளிருக்கு அஞ்சி வீட்டுக்குள் எரியூட்டிய சிலர் இந்த நஞ்சுக்கே இரையானார்கள். ஆகவே ஜெனரேட்டரைத் திறந்த வெளியில், ஜன்னல்களுக்குத் தொலைவில்தான் வைக்க வேண்டும். கரியடுப்புக்கும் இதே விதிதான். இன்னொன்று, ஜெனரேட்டரை வீட்டின் மின்னிணைப்பில் நேராகச் செருகிவிட்டால், அதன் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாயும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தின்மேல் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிர் போகும். அவர் நமக்கு வெளிச்சம் தருவதற்காகவே அங்கே ஏறியிருக்கிறார் என்பதை மறக்கலாமா?

தெருவின் பொறுப்பு

மேலே சொன்னவற்றை வசதியுள்ள ஒரு கிருகஸ்தர் ஒரே நாளில் செய்து முடித்துவிடலாம். இன்வெர்ட்டரும் வாங்கலாம், ஜெனரேட்டரும் வாங்கலாம், நூறு போத்தல் தண்ணீரும் அடுக்கலாம். இவ்வளவும் செய்தபின் அவருடைய வீடு பத்திரம், ஆனால் தெரு? அடுத்த வீட்டில் பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிடத் தனியே வாழும் வயோதிகத் தம்பதி, நாளுக்கு நாள் அரிசி வாங்கிச் சமைக்கும் தொழிலாளி, பிறந்து பத்து நாளான சிசு ஆகியோர் கதி என்ன? இரண்டு வாரத்துக்கு மருந்து வாங்கிச் சேர்ப்பதற்குக் கையில் பணம் வேண்டுமே! எச்சரிக்கை எல்லார் காதிலும் ஒரேமாதிரி விழுகிறது. ஆயத்தம் செய்யும் சக்தி எல்லார்க்கும் ஒரேமாதிரி இல்லை. அந்தக் குறையைத் தெருவார் கூடித்தான் நிரப்ப வேண்டும்.

அதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு முழுத்தாள் காகிதம் போதும். நம் தெருவில் இன்னும் தூர்ந்துபோகாத கிணறு எது? கயிறும் வாளியும் இராட்டினமும் யார் வீட்டில் உள்ளன? எந்த அடிகுழாய் வேலை செய்கிறது? மாடி வீடு யாருடையது? தனியே வசிக்கும் முதியோர் யார்? இன்சுலின் யாருக்கு? கர்ப்பிணி யார்? அரிவாளும் ரம்பமும் பிடிக்கத் தெரிந்தவர் யார்? தாதி வேலை கற்றவர் உண்டா? இவற்றை எழுதி, பிரதிகள் எடுத்து, இன்னாரை இன்னார் பார்த்துக்கொள்வது என்று பெயருக்குப் பெயர் இணைத்துவிட வேண்டும். பதினான்கு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இந்தக் கணக்கை எடுத்துவிடுவார்கள். பூகோளப் புத்தகத்தில் புயலைப் பற்றி அவர்கள் மனப்பாடம் செய்யும் பத்து வரிகளைவிட இது நூறு மடங்கு பயனுள்ள பாடம் என்பதில் ஐயமில்லை. புயலின்போது அடைக்கலம் தரும் கட்டடம் பெரும்பாலும் அவர்களுடைய பள்ளிக்கூடமே அல்லவா?

குறிப்பாக, தண்ணீரை மின்கம்பியிலிருந்து அவிழ்க்கும் காரியத்தைத் தெருவார் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1970-களில் நம் தேசத்திலேயே உருவாகி, உலகின் அநேக நாடுகளுக்குச் சென்று பெயர் பெற்ற 'இந்தியா மார்க் 2' அடிகுழாய், நம் ஊர்ச் சந்திகளில் கைப்பிடி ஒடிந்து, துருவேறி நிற்பதைக் காண்கிறோம். மோட்டார் வந்துவிட்டது என்று அதைக் கைவிட்டோம். கிணறுகளில் குப்பையைக் கொட்டித் தூர்த்தோம். மோட்டாரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மின்சாரம் வந்து நம் பெண்களின் தோளிலிருந்து குடத்தை இறக்கி வைத்தது பெரும் புண்ணியம். ஆயினும் தெருவுக்கு ஓர் அடிகுழாயை, அல்லது ஒரு பொதுக்கிணற்றையாவது, ஆண்டுதோறும் ஆவணி புரட்டாசியில் பழுது பார்த்து வைப்பது ஊராட்சியின் கடமை. அதை நினைவூட்டிக் கேட்டு வாங்குவது நம் கடமை. தன் தாகத்துக்குத் தானே நீர் இறைத்துக்கொள்ள வல்ல தெருவுக்கு உள்ள தைரியம் தனியானது. சுயராஜ்யம் என்ற சொல்லை உச்சரித்தே வளர்ந்த தேசத்தில், அதன் பொருளைக் கிணற்றடியிலும் காட்ட வேண்டாமா?

உதவி வெளியிலிருந்து வரத்தான் செய்யும். 2018 ஆகஸ்டில் மலையாள தேசம் வெள்ளத்தில் ஆழ்ந்தபோது தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் துணியும் ஆட்களும் சென்றனர். மூன்றே மாதத்தில் கஜா நம்மைத் தாக்க, மலையாளத்து மின் ஊழியர்கள் இங்கே வந்து, சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். நம் மாநிலத்தின் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வந்து, கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படுத்து எழுந்து வேலை செய்தார்கள். தேசம் ஒன்று என்பதைப் பிரசங்கங்களைக் காட்டிலும் அந்தச் சேறு படிந்த கைகள் நன்றாக எடுத்துச் சொல்லின. ஆனால் அவர்கள் நம் தெருவுக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். கடைக்கோடித் தெருவானால் சில வாரங்களும் ஆகலாம். அந்த இடைவேளையைக் கடப்பதற்குத் தெருவார் ஒருவருக்கொருவர்தான் துணை.

ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே அந்த முழுத்தாளை எழுதிவிடுவோம். கடைசிச் சேதியும் நின்றுபோய், காற்று கதவை அறையும் இரவில், தனியே இருக்கும் அந்த முதியவரின் வீட்டுக்கு யார் செல்வது என்று யோசித்துக்கொண்டிருக்க நேரம் இராது. யார் செல்வது என்பது அந்தத் தாளில் முன்பே எழுதியிருக்க வேண்டும்.